இரைச்சல் இல்லாத பதிவு

அக்காவின் தொண்டையில் கத்தி வைக்க டாக்டர் நாள் குறித்துக் கொடுத்துவிட்டார். குரல்வளையை முழுசாக எடுத்துவிட வேண்டுமாம். பாதியை வைத்துக்கொண்டு பார்க்கலாம் என்கிற கட்டமெல்லாம் தாண்டிவிட்டதாம். இதைச் சொல்லும்போது அவர் அக்காவைப் பார்க்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தே சொன்னார். தொண்டை கெட்டவளுக்குக் காதும் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. அக்காவுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம்தான்.

"என்கிட்ட சொல்லுங்க டாக்டர். எடுக்கப்போறது என்னோடதைத்தானே" என்றாள். அந்தக் குரலில் அப்போதே முக்கால்வாசி காற்றுதான் இருந்தது.

"அப்புறம் பேசுறதுக்கு?" என்று கேட்டான் தம்பிக்காரன்.

"அதுக்குக் கருவி இருக்கு. கழுத்துல வெச்சு அழுத்திப் பேசலாம். போகப் போகப் பழகிடும்."

அந்தக் கருவியை அவர்கள் வரும் வழியிலேயே பார்த்திருந்தார்கள். வெளியே நாற்காலியில் ஒரு பெரியவர் அதைக் கழுத்தில் வைத்து மகளிடம் தண்ணீர் கேட்டார். தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஆணோ பெண்ணோ, பெரியவரோ சின்னவரோ, யார் பேசினாலும் அதில் அதே சத்தம்தான் வரும் என்று நர்ஸ் சொன்னாள். நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு சொன்னாள், பாவம்.

அக்காவுக்குக் குரல்தான் சோறு போட்டது. துணி துவைக்கும் இயந்திரம் விற்கிற ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் நாள் முழுக்கத் தொலைபேசியில் உட்கார்ந்து, யாரோ செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்பது அவள் வேலை. குரல் கரகரத்தபோது எல்லோரும், அவள் உட்பட, வேலையால் வந்த கம்மல் என்றுதான் நினைத்தார்கள். வெந்நீர் குடித்துக் குடித்தே மாதங்களை ஓட்டிவிட்டாள். அந்த மாதங்களை இப்போது நினைத்தால் தம்பிக்குத் தன்னையே நாலு அறை அறையலாம் போலிருந்தது. "டாக்டர்கிட்டப் போ" என்று அவனும் ஒருநாள் சொல்லவில்லை. "நீ பேசாம இருந்தா எங்களுக்குத்தான் நிம்மதி" என்று கிண்டல் அடித்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அக்கா ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேட்டாள். அவளுக்கு மூன்று வயதில் ஒரு மகள். வீட்டில் எல்லோருக்கும் அவள் வாண்டு.

"மூணு வயசுக் குழந்தைக்கு என்னடா ஞாபகம் இருக்கும்? அம்மாவோட குரல் எப்படி இருந்துச்சுன்னு அடுத்த வருஷம் கேட்டா அவளுக்குத் தெரியாது. இருக்கறதுக்குள்ள அவளுக்காக நிறையப் பேசி வெச்சுட்டுப் போகணும்."

"போகணும்னு ஏன் சொல்ற? நீ எங்கயும் போகலை. குரல்தான் போகுது."

"சரி, அதையாவது வெச்சுட்டுப் போறேன்" என்றாள்.

வீட்டில் இருந்த போன் வீடியோக்களை எல்லாம் தேடிப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் வாண்டுதான். பின்னாலிருந்து அக்காவின் குரல், "இங்க பாரு, இங்க பாரு, சிரி" என்று சொல்லும், அவ்வளவுதான். ஆபீசில் அவள் பேசியதெல்லாம் பதிவாகியிருக்கும்தான். ஆனால் அதைச் சில மாதங்களிலேயே அழித்துவிடுவார்கள். அழிக்காவிட்டாலும், ஒரு குழந்தை தன் அம்மா முன்பின் தெரியாதவர்களிடம் மன்னிப்புக் கேட்டதைக் கேட்டு வளர வேண்டுமா என்ன?

போனை எதிரே நிறுத்தி வைத்துக்கொண்டு பேசிப் பார்த்தாள். "அம்மா பேசறேன்" என்று ஆரம்பித்தால் அடுத்த வார்த்தைக்கு முன்னால் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழாமல் பேச முயன்றால் ஆபீஸ் குரல் வந்து உட்கார்ந்துகொண்டது. சொந்த மகளிடம், "வேற ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்டுவிட்டு அவளே தலையில் அடித்துக்கொண்டாள். கதவுக்கு வெளியே நின்றிருந்த அத்தான், காய்ந்த துணியை எடுக்கப் போகிறவரைப் போல மாடிக்குப் போய்விட்டார். துணி எதுவும் காயப்போட்டிருக்கவில்லை. அத்தான் ஒரு பேக்கரியில் அடுப்படியில் வேலை செய்கிறவர். வாயைத் திறந்து ஒன்று சொல்ல அவருக்கு ஒரு வாரமாகும்.

அப்போதுதான் தம்பிக்கு அந்த யோசனை வந்தது.

அக்கா விளையாடும்போது அவள் வாய் ஓயாது. சின்ன வயதில் இரண்டு பேரும் வீடியோ கேம் கடைக்குப் போவார்கள். அவள் கையில் கன்ட்ரோலர் வந்துவிட்டால் எதிரே வருகிற கார், வளைவு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தம்பி என்று எல்லோருக்கும் திட்டு விழும். திட்டுக்கு நடுவே பள்ளிக்கூடக் கதை, பக்கத்து வீட்டுக் கதை, நாளைக்கு எழுத வேண்டிய பரீட்சை என்று எதையெல்லாமோ கொட்டுவாள். கை வேறு எங்கோ இருந்தால்தான் அவளுக்கு மனசு திறக்கும்.

"சும்மா உட்கார்ந்து பேசினாத்தானே அழுகை வருது? விளையாடிக்கிட்டே பேசு. நான் அதைப் பதிவு பண்றேன். நீ விளையாட ஆரம்பிச்சா உன் வாயை மூட யாரால முடியும்?"

"கடைசியில உனக்கு ஒரு புதுக் கம்ப்யூட்டர் வேணும், அதுக்கு என் தொண்டையைக் காரணம் காட்டுற" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். டாக்டரிடம் போய் வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அவள் சொன்னதில் உண்மை கொஞ்சம் இருக்கத்தான் செய்தது. தம்பிக்காரன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். வேலை போக மிச்ச நேரத்தில் விளையாட்டு வீடியோக்கள் எடுத்து இணையத்தில் போட்டுப் பார்த்திருக்கிறான். பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சிலரிலும் ஒருவன், "பின்னாடி என்ன ஹெலிகாப்டர் ஓடுதா?" என்று கேட்டு எழுதிவிட்டான். பழைய கம்ப்யூட்டரின் ஃபேன் சத்தம் அது. அந்த ஒரு வரியோடு அவன் கடையைக் கட்டிவிட்டான். ஆனால் அந்தக் காயம் மட்டும் ஆறவில்லை. நல்ல படம் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், சத்தம்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்று யாராவது அகப்பட்டால் பாடம் எடுப்பான்.

அந்தப் பழைய கம்ப்யூட்டர் விளையாட்டை ஓட்டினால் பதிவு செய்யாது, பதிவு செய்தால் விளையாட்டு நொண்டும். இரண்டையும் சேர்த்து இழுக்கிற மாதிரி ஒன்று வேண்டும், கையையும் கடிக்கக் கூடாது. ஆஸ்பத்திரிச் செலவு வாசலில் நிற்கும்போது வேறென்ன செய்ய முடியும்?

பழைய பாகங்கள் விற்கிற கடைக்காரருக்கு 'உசிரு இருக்கு' என்றே பெயர். எதைக் கையில் எடுத்துக் காட்டினாலும், "உசிரு இருக்கு, எடுத்துட்டுப் போ" என்பார். ஆறு கோர் உள்ள, இரண்டு தலைமுறைக்கு முந்தைய ப்ராசஸர் ஒன்றும், அதற்குப் பொருந்துகிற மதர்போர்டும் அவரிடம் கிடைத்தன. கிராபிக்ஸ் கார்டுதான் முக்கியம். விளையாட்டுப் படத்தை வரைகிற அதே கார்டு, வீடியோவைப் பதிவு செய்கிற வேலையையும் தனியாகப் பார்த்துக்கொள்ளும். அப்படிப்பட்ட கார்டாக இருந்தால் ப்ராசஸர் மூச்சு வாங்காது. ஒன்று அகப்பட்டது. யாரோ ராப்பகலாக ஓட்டித் தேய்த்த கார்டு. கடையிலேயே மாட்டச் சொல்லி, அரை மணி நேரம் ஓடவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துத்தான் வாங்கினான்.

"பவர் சப்ளை மட்டும் புதுசு வேணும். அதுல விளையாடக் கூடாது" என்றான்.

"விவரமான ஆளு" என்றார் உசிரு இருக்கு. "இப்படி எல்லாத்துலயும் புதுசு கேட்டா நான் எங்க போறது?"

ரேம் இரண்டு பட்டை, படம் சேமிக்க ஒரு டிஸ்க், இரண்டாம் கை மைக் ஒன்று. இவ்வளவும் வாங்கியபிறகு கையிலிருந்தது கரைந்துவிட்டது. எங்காவது இடிக்கத்தானே செய்யும்? பெட்டியில் இடித்தது. கடையிலேயே மட்டமான பெட்டியை எடுத்தான். முன்பக்கம் முழுக்க அடைத்து வைத்து அழகு பண்ணியிருந்தார்கள். காற்று உள்ளே போக வழியில்லை. அதோடு வந்த ஃபேன்கள் கத்தாமல் சுற்றத் தெரியாதவை.

அக்கா வீட்டுப் படுக்கையறைத் தரையில் விரிப்பைப் போட்டு இரண்டு பேரும் உட்கார்ந்து அதைக் கட்டினார்கள். வாண்டு ப்ளே ஸ்கூலுக்குப் போயிருந்தாள். அக்கா ஸ்க்ரூக்களைப் பிரித்து வைத்தாள். ப்ராசஸர் மேல் சூட்டைக் கடத்துகிற பசையைத் தடவியபோது, "பல்லுக்கு வெக்கறதுல பாதி வெச்சா போதுமா?" என்று கேட்டாள். எல்லாம் மாட்டிச் சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பாகவே நின்றது. தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. ரேமைக் கழற்றி மாட்டினான், கார்டைக் கழற்றி மாட்டினான், உசிரு இருக்கின் வம்சத்தையே இழுத்துத் திட்டினான். அக்கா எழுந்து பின்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"டேய், திரையோட வயரை எதுல சொருகியிருக்க? கார்டுல சொருகாம மேல இருக்கற ஓட்டையில சொருகியிருக்க."

கடையில் யாராவது இப்படிச் செய்தால் அவனே விழுந்து விழுந்து சிரித்திருப்பான். வயரை மாற்றியதும் படம் வந்தது. அக்கா கைதட்டினாள். அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் அந்த வீட்டில் நோய் என்று ஒன்று இருந்ததே யாருக்கும் நினைவில்லை.

அவளுக்குப் பிடித்தது லாரி ஓட்டுகிற விளையாட்டு. சரக்கை ஏற்றிக்கொண்டு மலை, காடு, பாலம் என்று மணிக்கணக்காகப் போய்க்கொண்டே இருக்கலாம். சுடுவதும் இல்லை, சாவதும் இல்லை. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தாள்.

விளையாட்டு ஓட ஆரம்பித்ததும் பெட்டி தன் வேலையைக் காட்டியது. கார்டு சூடேற ஏற ஃபேன்கள் ஊளையிட்டன. தம்பிக்குப் பழைய ஹெலிகாப்டர் நினைவுக்கு வந்தது. அக்காவின் கடைசிக் குரலுக்குப் பின்னால் இந்தக் கண்றாவியா கேட்க வேண்டும்?

பதிவு செய்கிற மென்பொருளில் இரைச்சலை வடிகட்ட ஒரு வசதி உண்டு. மைக்கில் விழுகிற சத்தத்தில் மனிதப் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் அதுவே கழித்துவிடும். அதை இயக்கி, உள்ளதிலேயே உச்ச அளவில் வைத்தான். அக்கா பேசிப் பார்க்க வாயெடுத்தாள். அவன் கையைக் காட்டித் தடுத்தான். எவ்வளவு குறைவாகப் பேசுகிறாளோ அவ்வளவு நல்லது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். இருக்கிற கொஞ்சத்தையும் 'மைக் டெஸ்ட்' என்று வீணடிப்பானேன்?

"நீ சும்மா இரு. உன் தொண்டையை இதுக்கெல்லாம் செலவழிக்காத. நான் பார்த்துக்கறேன்."

ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு அவனே பேசினான். பக்கத்தில் நின்று பேசினான், கட்டிலில் உட்கார்ந்து பேசினான், வாசல்படியில் நின்று கத்தினான். போட்டுக் கேட்டால் ஃபேன் சத்தம் மருந்துக்கும் இல்லை. அவன் குரல் மட்டும் வானொலி நிலையத்தில் பேசின மாதிரி பளிச்சென்று வந்தது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவுக்குப் போட்டுக் காட்டினான்.

"உன் குரல் இவ்வளவு நல்லா இருக்குமா? நேர்ல தெரியவே இல்லையே" என்றாள் அவள்.

பதிவைத் தொடங்கும் முன் அவனிடம் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டாள். "எடுக்க எடுக்கப் போட்டுக் கேக்காத. எனக்கும் போட்டுக் காட்டாத. இப்ப என் குரல் எனக்கே சகிக்கலை. கேட்டுட்டேன்னா அடுத்த நாள் என்னால பேச முடியாது. எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்புறம், வாண்டுவை மடியில வெச்சுக்கிட்டு மொத்தமா கேக்கறேன். அப்ப இந்தக் குரலே எனக்கு அமிர்தமா இருக்கும்."

அவன் சத்தியம் செய்தான். செய்தபடியே நடந்தும் கொண்டான். வாழ்க்கையில் அவன் அக்காவுக்குக் கொடுத்த எந்த வாக்கையும் இவ்வளவு ஒழுங்காகக் காப்பாற்றியது கிடையாது. எடுத்த வீடியோ திறக்கிறதா, படம் தெரிகிறதா என்று சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்து மூடிவிடுவான்.

காலையில் வாண்டுவை விட்டுவிட்டு வந்ததும் அக்கா லாரியில் ஏறிவிடுவாள். அவன் மதிய ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு பின்னால் கட்டிலில் உட்கார்ந்துகொள்வான். அவள் டிரைவர், அவன் கிளீனர். "போலாம் ரைட்" என்று அவன் குரல் கொடுத்தால்தான் வண்டியை எடுப்பாள்.

அந்தக் குரலைக் குரல் என்று சொல்வதே அதிகம். தொனி போய், வெறும் காற்றில் வார்த்தைகள் உருவாகி வந்தன. இருந்தாலும் அந்தக் காற்றில் எவ்வளவு பேச்சு! வாண்டு பிறந்த அன்று ஆஸ்பத்திரி லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனதையும், தம்பி வந்து அதைச் சரிசெய்ததையும் சொன்னாள். அப்பா குறட்டை விட்டால் மூக்கைப் பிடிக்காதே, காலைக் கிள்ளு, அதுதான் வேலை செய்யும் என்றாள். உனக்குக் கோபம் வந்தால் அது என்னிடமிருந்து வந்தது, பயம் வந்தால் மாமாவிடமிருந்து வந்தது என்றாள். பாலத்தில் ஏறும்போது மூச்சு வாங்க நிறுத்தி, மறுபடி தொடங்குவாள். ஒரு தடவைகூட அழவில்லை.

தம்பிக்காரன், "ம்" என்பான். "அப்புறம்?" என்பான். சிரிக்க வேண்டிய இடம் போலத் தெரிந்தால் சிரிப்பான். அவன் கண் கையிலிருந்த போனில் இருந்தது. கார்டின் சூடு எவ்வளவு, படம் நொண்டுகிறதா, டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று அதில்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மூடின பெட்டி எந்த நிமிஷமும் வெந்துவிடும் என்று அவனுக்குப் பயம். பதிவாகிற விஷயத்தை எப்போது வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாமே, இப்போது எதற்குக் கேட்க வேண்டும்?

அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எடுக்க வேண்டியதை எடுத்தார்கள். பரவவில்லை, பிழைத்துக்கொண்டாள் என்று டாக்டர் சொன்னபோது அத்தான் அந்த வராண்டாவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த அக்காவின் கழுத்தடியில் ஒரு துளை இருந்தது. அதில் குழாய் வைத்து, மேலே மெல்லிய துணி கட்டியிருந்தார்கள். அவள் மூச்சு இனி அந்த வழியாகத்தான். சொல்ல வேண்டியதைப் போனில் தட்டிக் காட்டினாள். வாண்டுவுக்குப் படிக்கத் தெரியாது. அம்மாவின் கழுத்திலிருந்து வருகிற புஸ் சத்தத்தைக் கேட்டு அவள் அத்தானின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "அம்மா ஏன் பேச மாட்டேங்குது? அம்மாவுக்கு என் மேல கோபமா?" என்று அவரிடம் கேட்டாள். இரண்டு நாள் பக்கத்தில்கூட வரவில்லை.

மூன்றாம் நாள் அக்கா போனில் தட்டி தம்பியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். 'இன்னைக்குப் போடு. என் குரலைக் கேட்டா வந்துடுவா.'

அவன் கம்ப்யூட்டரைப் போட்டு ஸ்பீக்கரை இணைத்தான். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். அத்தான் வாண்டுவைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். முதல் பதிவைத் திறந்தான். திரையில் சாலை வந்தது, லாரியின் முகப்புக் கண்ணாடி வந்தது.

"அக்கா, ஆரம்பிக்கலாமா? போலாம் ரைட்!" என்றது ஸ்பீக்கர்.

"மாமா!" என்று வாண்டு கைதட்டினாள்.

லாரி கிளம்பியது. இன்ஜின் உறுமியது. ஒரு வளைவு, ஒரு மரம், ஒரு பெட்ரோல் பங்க். பேச்சைக் காணோம்.

"ம்" என்றது அவன் குரல். கொஞ்ச தூரம் போனபிறகு சிரித்தது. "அய்யோ, அதுக்கு அத்தான் என்ன சொன்னாரு?" என்று கேட்டது. பதில் வரவில்லை. இன்ஜின்தான் உறுமிக்கொண்டு போனது.

மைக் வயர் கழன்றிருந்ததோ என்று முதலில் நினைத்தான். கழன்றிருந்தால் அவன் குரல் எப்படி வரும்? பதிவைத் தள்ளிப் பார்த்தான். அடுத்ததைத் திறந்தான், அதற்கடுத்ததைத் திறந்தான். எல்லாவற்றிலும் சாலை, இன்ஜின், அவனுடைய "ம்". அங்கங்கே ஓர் எழுத்து, அரை எழுத்து தலைகாட்டி மறைந்தது. அது யார் குரல் என்றுகூடச் சொல்ல முடியாது.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. எது பேச்சு, எது சத்தம் என்று அந்த வடிகட்டிக்கு யாரோ எங்கேயோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். கற்றுக்கொடுக்கப் பேசினவர்கள் எல்லாம் நல்ல தொண்டைக்காரர்கள். அக்காவின் காற்றுக்குரலை அது ஃபேன் காற்றோடு சேர்த்துக் கூட்டிப் பெருக்கி வெளியே தள்ளிவிட்டது. தள்ளினதை எங்கும் எடுத்து வைக்கவும் இல்லை. பரிசோதனைக்கு அவளை ஒரே ஒரு வார்த்தை பேச விட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

"அக்கா" என்றான். "சத்தம் வரக் கூடாதுன்னு ஒண்ணு போட்டேனே... அது உன் குரலையும் சத்தம்னு நெனச்சுடுச்சு. எல்லாத்துலயும். ஒண்ணுலகூட இல்லக்கா."

அக்கா அவனைப் பார்த்தாள். எழுந்து அவன் தோளில் ஓர் அடி வைத்தாள், இன்னொரு அடி வைத்தாள். வாய் முழுசாகத் திறந்து திட்டியது. சத்தமே இல்லை. கழுத்துத் துணி மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது. அப்படி ஒரு கோபத்தை அவன் அவளிடம் பார்த்ததே கிடையாது. பயந்துபோன வாண்டு அழ ஆரம்பித்தாள். அந்த அழுகையைக் கேட்டதும் அக்காவின் கை தானாக இறங்கியது. சமையலறைக்குப் போனாள். அங்கே ஒரு பாத்திரம் விழுந்தது, இன்னொன்று விழுந்தது, பிறகு எல்லாம் அடங்கிவிட்டது. தம்பி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பதிவை நிறுத்த வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. லாரி போய்க்கொண்டே இருந்தது.

ரொம்ப நேரம் கழித்து அக்கா முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அத்தானின் கையிலிருந்து வாண்டுவை வாங்கினாள். திரையில் ஓடுகிற லாரியைப் பார்க்கிற ஆசையில் குழந்தை முரண்டு பிடிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். தம்பியைப் பார்த்து, முதலிலிருந்து போடு என்று கை காட்டினாள்.

போட்டான். "போலாம் ரைட்" என்றது அவன் குரல். லாரி கிளம்பியதும் அக்காவின் உதடுகள் அசையத் தொடங்கின. எந்த வளைவில் என்ன சொன்னாள் என்று அவளுக்கு ஒன்று விடாமல் நினைவிருந்தது. பெட்ரோல் பங்க் வந்ததும் உதடுகள் நின்றன. அவனுடைய "ம்" வந்தபிறகு மறுபடி அசைந்தன. அவன் சிரித்த இடத்தில் அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

இந்த இடத்தில் தானே எடுத்துச் சொன்னால் என்ன என்று அவனுக்குத் தோன்றியது. பின்னால் உட்கார்ந்து கேட்டவன் அவன்தானே. அவள் சொன்னதை அவன் வாயால் சொல்லலாம். அவள் உதட்டையே பார்த்தான்.

"லிஃப்ட் நின்னுச்சே, அந்தக் கதையா?"

அக்கா இல்லை என்று தலையசைத்தாள்.

"குறட்டையா?"

இல்லை. அவள் நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தாக உதட்டைக் குவித்து விரித்துக் காட்டினாள். அவனுக்குப் பிடிபடவில்லை. இன்னொரு தரம் காட்டினாள். அவன் நினைவில் வந்ததெல்லாம் அன்றைக்குக் கார்டு எவ்வளவு சூடாக இருந்தது என்பது மட்டும்தான். நாலு கதையைத் தவிர அவள் சொன்ன எதையும் அவன் காதில் வாங்கியிருக்கவில்லை. அந்த வெட்கத்தில் அவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அக்காவுக்கும் அது புரிந்துவிட்டது. விடு என்று கையை அசைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

லாரி ஒரு நீளமான பாலத்தில் ஏறியது. தண்ணீரைப் பார்த்து வாண்டு வாயைப் பிளந்தாள். அக்காவின் உதடுகள் அவள் உச்சிக்கு மேலே நெடுநேரம் எதையோ சொல்லிக்கொண்டு போயின. சின்னச் சின்னதாக, அவசரமில்லாமல் சொன்னாள்.

"அப்புறம்?" என்று கேட்டது ஸ்பீக்கர், துளி இரைச்சல் இல்லாமல்.

வாண்டு அண்ணாந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "அப்புறம்மா?" என்று அவளும் கேட்டாள்.

அக்கா குழந்தையைப் பார்த்துப் பதில் சொன்னாள். முழுசாகச் சொன்னாள். வாண்டு அந்த வாயையே பார்த்துக்கொண்டு, இன்னும் காத்துக்கொண்டிருந்தாள்.